ஒரு பாகை இறங்கினால் ஒரு நாள் இருக்கிறது

நெடுந்தீவிலிருந்து கடைசிப் படகு புறப்பட்டுவிட்டால், பிறகு வருகிற கரைச்சல் எதுவானாலும் விடியும்வரை தீவுக்குள்ளேயேதான். குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று தாண்டித்தான் யாழ்ப்பாணப் பட்டினம். காற்று எழும்பிய நாளில் அதுவும் இல்லை. நயினாதீவுக்குக் கடல் கொஞ்சம்தான், ஊர்காவற்றுறைக்குத் தரைவழியே போகலாம், அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் மறுபடி படகுதான். மனிதருக்கு வருத்தம் கடுமையானாலே படகு தேடி ஓட வேண்டிய இடங்கள் இவை. அங்கே ஒரு பெட்டை நாய் நடுச்சாமத்தில் குட்டி போட ஏலாமல் முக்கிக்கொண்டு கிடந்தால் என்ன செய்வது?

நடுச்சாமத்தில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். முதல்நாள் செய்யக்கூடியது நிறைய. குட்டி போடப்போகும் நாயின் உடம்பு ஒரு நாள் முன்னதாகவே அதைச் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்பதற்குக் காய்ச்சல் பார்க்கும் ஒரு தேர்மாமீற்றரும், ஒரு அப்பியாசக் கொப்பியும், குசினியில் மா நிறுக்கிற தராசும் போதும்.

அறுபத்து மூன்று நாள்

கையில் தூக்கிக்கொண்டு திரியும் சின்ன நாய்க்கும், கன்றுக்குட்டி உயரம் நிற்கும் கிரேட் டேனுக்கும் சினைக் கணக்கு ஒன்றுதான். முட்டை வெளியான நாளிலிருந்து 63 நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின். ஆனால் முட்டை வெளியாவதை யாரும் காண்பதில்லை. வீட்டுக்காரர் எண்ணத் தொடங்குவது நாய்கள் இணைந்ததைக் கண்ட நாளிலிருந்து. அப்படி எண்ணினால் 57 ஆம் நாளிலும் குட்டி போடலாம், 72 ஆம் நாளிலும் போடலாம்.

இந்த இரண்டு கிழமை இடைவெளி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான பாலூட்டிகளின் முட்டை, வெளிவரும்போதே கருக்கட்டத் தயாராக இருக்கும். நாயின் முட்டை பிஞ்சாகவே வெளிவருகிறது. கருக்குழாய்க்குள் கிடந்து முற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆண் நாயின் விந்தணு அதற்கும் மேலே பொறுமைசாலி, ஆறேழு நாள்வரை உள்ளே உயிரோடு காத்துக்கிடக்கும். இணைந்த நாள் ஒன்று, கருக்கட்டிய நாள் வேறொன்று. அதனால் கொப்பியில் முதல் இணைவையும் கடைசி இணைவையும் குறித்து வைப்பது நல்லது. அது நாளைச் சொல்லாது, எந்தக் கிழமையில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

இன்னொரு விந்தையும் இருக்கிறது. புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன்தான் சினையைக் காக்கிறது. நாயில் அது சினைப்படாத பெட்டையின் இரத்தத்திலும் ஏறக்குறைய இரண்டு மாதம், சினைப்பட்ட பெட்டையில் இருப்பதுபோலவே உயர்ந்து நிற்கும். அதனால் சில பெட்டைகளுக்குக் குட்டியே இல்லாமல் முலை பருத்துப் பால் சுரக்கும். பழஞ்செருப்பொன்றைக் கவ்விக்கொண்டுபோய் மூலையில் வைத்துக் காவல் இருக்கும். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தாயின் குட்டிகளை மற்றப் பெட்டைகளும் சேர்ந்து வளர்க்க இந்தப் பொய்ச் சினை உதவியிருக்கலாம் என்று உயிரியலாளர் பலர் கருதுகிறார்கள். எனவே வயிற்றையும் முலையையும் பார்த்து மட்டும் சினை என்று முடிவுகட்ட முடியாது. 25 ஆம் நாளளவில் ஸ்கான் செய்தால் குட்டிகளின் இதயம் துடிப்பதைக் காணலாம். 55 ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகள் தெளிவாகத் தெரியும். மண்டையோடுகளையும் முள்ளந்தண்டுகளையும் எண்ணி இத்தனை குட்டி என்று சொல்லிவிடலாம்.

தீவில் இருப்பவருக்கு இந்த எண்ணிக்கை பெரிய உதவி. ஐந்து குட்டி என்று தெரிந்தால், நாலாவது பிறந்த பிறகு தாய் அமைதியாகப் படுத்திருந்தாலும் இன்னும் முடியவில்லை என்று தெரியும். வேறு அலுவலுக்காகப் பட்டினம் போகும் பயணமொன்றை 55 ஆம் நாளுக்குப் பிறகு வைத்து, நாயையும் கூட்டிக்கொண்டு போனால் அந்த இலக்கம் கிடைத்துவிடும்.

தேர்மாமீற்றர் சொல்லும் சேதி

55 ஆம் நாளிலிருந்து காலையிலும் மாலையிலும் உடல் வெப்பம் பார்க்க வேண்டும். பாமசியில் வாங்கும் சாதாரண டிஜிட்டல் தேர்மாமீற்றர் போதும், அதை நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முனையில் கொஞ்சம் வாசலின் பூசி, வாலை மெல்ல உயர்த்தி, குதத்துக்குள் ஓரங்குலமளவு விட்டு, சத்தம் கேட்கும்வரை பிடிக்க வேண்டும். ஒருவர் தலைமாட்டில் இருந்து காதடியைத் தடவிக் கொடுத்தால் வீட்டோடு பழகிய நாய் இரண்டாம் நாளே ஒத்துக்கொள்ளும். ஓடி விளையாடிவிட்டு வந்த சூட்டோடு பார்க்கக் கூடாது. நாள்தோறும் ஒரே நேரத்தில், நிழலில் படுத்து ஆறிய பிறகு பார்க்க வேண்டும்.

நாயின் இயல்பான வெப்பம் 38 க்கும் 39 பாகை செல்சியசுக்கும் இடையில். கடைசிக் கிழமையில் 38 ஐ ஒட்டி நிற்கும். கொப்பியில் இப்படி ஒரு பக்கத்தை எண்ணிப் பாருங்கள்: 59 ஆம் நாள் காலை 38.0, மாலை 38.2. 60 ஆம் நாள் காலை 37.9, மாலை 38.1. 61 ஆம் நாள் காலை 37.0.

அந்தக் கடைசி இலக்கம்தான் சேதி. வெப்பம் ஒரு பாகை அளவுக்குச் சட்டென்று இறங்கிவிட்டால், பெரும்பாலும் அடுத்த 12 இலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் குட்டி போடும் வேலை தொடங்கிவிடும். இந்த இறக்கம் நீண்ட நேரம் நிற்பதில்லை, சில மணித்தியாலங்களில் மறுபடி ஏறிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் பார்த்தால் தவறவிட்டுவிடுவோம். காலையும் மாலையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வெப்பம் ஏன் இறங்குகிறது? கருப்பையை இத்தனை நாளும் சுருங்கவிடாமல் அமைதிப்படுத்தி வைத்திருந்த அதே புரொஜெஸ்தரோன், உடம்பை இலேசாகச் சூடாக்கியும் வைத்திருக்கும். பெண்களின் மாதச் சுழற்சியில் முட்டை வெளியான பிறகு உடல் வெப்பம் சற்று ஏறுவதும் இதே ஓமோனால்தான். குட்டி போடுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பு நாயின் இரத்தத்தில் அது மளமளவென்று விழுந்துவிடுகிறது. கருப்பையின் பூட்டு திறக்கிறது, கூடவே வெப்பமும் இறங்குகிறது. நாம் தேர்மாமீற்றரில் காண்பது அந்தப் பூட்டுத் திறந்ததை.

திறக்கச் சொன்னது யார் என்பது இன்னும் வியப்பானது. நியூசிலாந்தின் ஒக்லாண்டில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் 1960 களில் செம்மறி ஆடுகளை ஆராய்ந்து, பிரசவத்தைத் தொடக்கிவைப்பது தாயல்ல, வயிற்றுக்குள் இருக்கும் குட்டி என்று காட்டினார். குட்டி முற்றியதும் அதன் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சின்னச் சுரப்பி கோர்ட்டிசோலைச் சுரக்கிறது. அதுவே தாயின் ஓமோன்களைத் திருப்பிவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலைக் காக்கத் தாய்க்கு ஊசி போடும் முறை பிறந்ததும் அவருடைய அதே ஆராய்ச்சியிலிருந்துதான். அந்த ஆய்வு 1972 இல் வெளியானது. நாயிலும் பெரும்பாலும் இதே வழிதான் என்று கொள்ளப்படுகிறது. வயிற்றில் ஒற்றைக் குட்டி மட்டும் இருக்கும்போது நாள் தவறிப்போவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். ஐந்தாறு குட்டி சேர்ந்து கொடுக்கும் சைகையை ஒரு குட்டியால் கொடுக்க முடியாது. நாளும் கடக்கும், குட்டியும் பெருக்கும், பிறகு வழியால் வராது. எக்ஸ்ரேயில் ஒரு குட்டிதான் என்று தெரிந்தால் 63 ஐ நெருங்கும்போது தீவில் காத்திருக்கக் கூடாது.

37.0 கண்ட காலையில் கையில் ஒரு பகல் இருக்கிறது. மிருக வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். முன்னொரு தடவை குட்டி போடக் கஷ்டப்பட்ட நாய், வாகனம் மோதி இடுப்பெலும்பு முறிந்து ஆறிய நாய் என்றால் அன்றைக்கே படகேற்றிவிடலாம். மற்ற நாய்களுக்கு வீட்டிலேயே இடம் ஒதுக்கி, துவைத்துக் காயவைத்த பழஞ்சாரங்களை விரித்து, காத்திருக்கலாம்.

பசுவைப் போல அல்ல

தீவகத்தில் மாடு வளர்க்காத வீடு குறைவு என்பதால், பலருக்குப் பிரசவம் என்றால் பசுவின் கணக்குத்தான் மனதில் வரும். நாயின் கணக்கு வேறு.

முதற் கட்டத்தில் நாய் இருப்புக்கொள்ளாது. மூச்சிரைக்கும், நடுங்கும், மண்ணைக் கிண்டும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். இது 6 இலிருந்து 12 மணித்தியாலம், சிலவேளை 24 மணித்தியாலம்கூட நீளும். பிறகு முக்கல் தொடங்கும். கன்று பின்புறமாக வந்தால் மாட்டுக்காரர் பதறுவார், அது நியாயம். நாய்க் குட்டிகளில் பத்துக்கு நாலு பின்னங்கால் முன்னாக வருவதே இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து பிடித்து இழுக்கக் கூடாது. குட்டியை மூடிய சவ்வைத் தாயே கிழித்து நக்கும். அது செய்யாமல் இருந்தால், உடனே சுத்தமான கையால் சவ்வைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, காய்ந்த துணியால் முதுகைத் தேய்த்துவிட வேண்டும்.

பசுவின் இளங்கொடி விழும்வரை காத்திருந்து, அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தூக்குவது நம் வழக்கம். விழாத கொடி பசுவைக் கொல்லும் என்று தெரிந்தவர்கள் ஏற்படுத்திய கவனம் அது. அதே கவனம் நாய்க்கும் வேண்டும். ஒரு குட்டிக்கு ஒரு கொடி. தாய் அதைத் தின்றுவிடும், அதனால் வரும்போதே எண்ணிக் கொப்பியில் கோடு போட வேண்டும். சிலவேளை இரண்டு குட்டி வந்த பிறகு இரண்டு கொடியும் சேர்ந்து வரும்.

நாயின் கொடியில் ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது. கொடியின் இரண்டு ஓரங்களிலும் தாயின் இரத்தம் தேங்கி நிற்கும். வளரும் குட்டிக்கு வேண்டிய இரும்புச் சத்து அந்த இரத்தத்திலிருந்துதான் போகிறது. இரும்பு பிரிந்த பிறகு மிச்சமாவது பச்சை நிறப் பொருள். நமக்கு அடிபட்ட இடம் சில நாளில் பச்சை பூப்பதும் இதேபோன்ற இரசாயன மாற்றத்தால்தான். முதற் குட்டி பிறந்த பிறகு கரும்பச்சை நீர் வருவது இயல்பு, பயமில்லை. முதற் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை வந்தால் உள்ளே ஒரு கொடி கழன்றுவிட்டது, அந்தக் குட்டிக்குக் காற்று நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது குட்டி உடனே வராவிட்டால் வைத்தியரை அழைக்க ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது.

நேரக் கணக்கும் உண்டு. பலமாக முக்கி அரை மணித்தியாலமாகியும் குட்டி வராவிட்டால், உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா இருந்தால், வெப்பம் இறங்கி 24 மணித்தியாலம் கடந்தும் ஒன்றும் தொடங்காவிட்டால், உதவி வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று கருப்பையைச் சுருக்கும் ஊசியை வைத்தியர் சொல்லாமல் போடவே கூடாது. குட்டி வழியில் அடைபட்டிருக்கும்போது அந்த ஊசி கருப்பையையே கிழித்துவிடலாம்.

தராசில் ஏறும் குட்டிகள்

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. வெப்பத்தையும் மணத்தையும் தேடித் தாயின் மடிக்கு ஊர்ந்து போகும். அதன் உடல் வெப்பம் 35, 36 பாகைதான். நமக்குக் குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறோம். குட்டிக்கு முதற் கிழமையில் நடுங்கவும் தெரியாது. குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்வதில்லை, உறிஞ்சவும் பலமிராது. அந்த நிலையில் இரக்கப்பட்டுப் பாலை ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், இல்லாவிட்டால் வயிற்றில் கெட்டுக் கிடக்கும். முதலில் சூடு, பிறகு பால். மார்கழி, தை இரவுகளில் வாடைக்காற்று அடிக்கும்போது சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் போதும். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், தாயும் குட்டியும் தமக்கு வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

முதல் 24 மணித்தியாலம் மிகப் பெறுமதியானது. மனிதக் குழந்தைக்கு நோயெதிர்ப்புச் சத்தில் பெரும்பகுதி நஞ்சுக்கொடி வழியே வந்துவிடுகிறது. நாய்க் குட்டிக்குக் கொடி வழியே கிடைப்பது நூற்றுக்கு ஐந்து, பத்துத்தான். மிச்சமெல்லாம் கடும்புப்பாலில்தான் வர வேண்டும். அந்தச் சத்தை முழுசாக உள்ளே விடும் கதவு குட்டியின் குடலில் ஒரு நாள்தான் திறந்திருக்கும். ஆகவே பிறந்தவுடன் ஒவ்வொரு குட்டியும் முலையைப் பற்றியதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

பிறகு தராசு. குட்டிகளின் கழுத்தில் எதுவும் கட்ட வேண்டாம், முதுகில் நகப்பூச்சால் வெவ்வேறு இடத்தில் ஒரு பொட்டு வைத்தால் அடையாளம் தெரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுத்து எழுதுங்கள். 300 கிராமில் பிறந்த குட்டி மறுநாள் 280 க்கு இறங்கலாம், அது சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும். பத்து நாளளவில் பிறந்த நிறையின் இரண்டு மடங்காக வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால், கண்ணுக்குக் கொழுகொழுவென்று தெரிந்தாலும், அந்தக் குட்டிக்கு என்னவோ ஆகிறது. கண் கண்டுபிடிப்பதற்கு ஒரு நாள் முன்பே தராசு கண்டுபிடித்துவிடும்.

சுண்ணக்கல் தீவில் கல்சியம்

குட்டிகள் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது தாயைக் கவனிக்க மறப்பது வழக்கம். மிகப் பெரிய ஆபத்து அப்போதுதான் வரும். குட்டி போட்டு இரண்டாம், மூன்றாம் கிழமையில், பால் உச்சத்தில் சுரக்கும் வேளையில், தாய் திடீரென்று இருப்புக்கொள்ளாமல் மூச்சிரைக்கும். கால்கள் விறைத்து நடக்கும். முகத்துத் தசைகள் துடிக்கும். சில மணித்தியாலங்களில் உடம்பு முழுதும் நடுங்கி வலிப்பு வந்துவிடும். சிறிய நாய்களுக்கும், குட்டி நிறையப் போட்ட நாய்களுக்கும் இது அதிகம்.

காரணம் இரத்தத்தில் கல்சியம் குறைவது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் கல்சியம் இருக்க வேண்டும். 7 க்குக் கீழே போனால் தசைகள் கட்டுக்கடங்காது. நரம்பின் வாசல்கள் தேவையில்லாமல் திறக்காதபடி காப்பது கல்சியம். காவல் குறைந்ததும் மூளை கட்டளையிடாமலே நரம்புகள் தசைகளை உதறவிடுகின்றன. நெடுந்தீவின் வேலிகளெல்லாம் முருகைக் கற்களை அடுக்கிக் கட்டியவை, அந்தக் கல்லே கல்சியம்தான். தாயின் எலும்பிலும் கல்சியம் குவிந்து கிடக்கிறது. குறை இருப்பில் இல்லை, எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும் வேகத்தில். அந்த வேலையைச் செய்வது கழுத்தில் உள்ள சின்னச் சுரப்பிகள். சினைக் காலத்தில் நல்லெண்ணத்தோடு கல்சியம் குளிசைகளைக் கொடுத்துவந்தால் அந்தச் சுரப்பிகள் வேலையை மறந்து உறங்கிவிடும். பால் பெருகும் நாளில் அவற்றால் சட்டென்று எழும்ப முடியாது. ஆகவே வைத்தியர் சொல்லாமல் சினை நாய்க்குக் கல்சியம் கொடுக்காதீர்கள்.

நடுக்கம் தொடங்கினால் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, தாயை உடனே வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். இதயத் துடிப்பைக் கேட்டபடி நாளத்தில் கல்சியத்தை மெல்ல ஏற்றினால், வலிப்பில் கிடந்த நாய் பெரும்பாலும் சற்று நேரத்தில் எழும்பி நிற்கும். பிந்தினால் உடல் வெப்பம் 41 பாகையையும் தாண்டி உயிர் போய்விடும். முதல் மூச்சிரைப்பையும் விறைத்த நடையையும் காலையிலேயே கண்டவருக்குப் படகு இருக்கிறது, மாலையில் வலிப்பைக் கண்டவருக்கு இல்லை.

பாலில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். சாராப்பிட்டியின் நன்னீர்க் கிணறுகளை நெடுந்தீவார் எப்படிப் போற்றுகிறார்கள் என்பது தெரிந்ததே. அந்தக் குடிதண்ணீரில் பாலூட்டும் தாய்க்கும் ஒரு சட்டி எப்போதும் இருக்கட்டும், சவர்த் தண்ணீர் வேண்டாம். சோறும் மீனும் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும், பல தடவையாக. முலைகளை நாள்தோறும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கல்லாய்ச் சூடேறி நோகுமானால் அதில் கிருமி சேர்ந்திருக்கிறது. குட்டி போட்ட பிறகு வரும் நீர் பச்சையிலிருந்து செம்மண் நிறமாகி மூன்று கிழமைக்குள் அற்றுப்போக வேண்டும். நாற்றமடித்தாலோ, வெப்பம் 39.5 ஐத் தாண்டினாலோ அது கருப்பைக் காய்ச்சல்.

தாயின் தசைக்குள் பல காலம் உறங்கிக் கிடந்த வட்டப்புழுக் குடம்பிகள் சினையின் கடைசி மூன்று கிழமையில் விழித்துக் கொடி வழியே குட்டிகளுக்குள் போகின்றன. பிறக்கும்போதே குட்டிக்குப் புழு இருக்கும், அது மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கும் வரும். அதனால் இரண்டாம் கிழமையிலேயே குட்டிகளுக்குப் பூச்சி மருந்து தொடங்க வேண்டும். குட்டிகள் பால்மறந்து, முலை வற்றிய பிறகு தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம். விசர்நாய்த் தடுப்பூசி வீட்டிலுள்ள எல்லாருடைய உயிருக்கும் காவல். இலங்கையில் 1973 இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அந்தத் தொகை இன்று பல மடங்கு குறைந்திருப்பதற்கு நாய்களுக்குப் போட்ட ஊசியே பெருங்காரணம்.

அக்கரையில் இருக்கும் வைத்தியரிடம் "நாய்க்கு ஏலாமல் கிடக்கு, டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அவரால் என்ன சொல்ல முடியும்? "61 ஆம் நாள், காலை 37.0, எக்ஸ்ரேயில் ஐந்து, நாலு பிறந்துவிட்டது, மூன்று கொடி, கடைசிக் குட்டி பிறந்து இரண்டரை மணித்தியாலம், முக்கல் இல்லை" என்று கொப்பியைப் பார்த்து வாசித்தால், அவர் அந்தத் தாழ்வாரத்திலேயே வந்து நின்றதுபோல ஆகிவிடுகிறது. படகேற்றுங்கள் என்றோ, விடியும்வரை பொறுக்கலாம் என்றோ அவரால் துணிந்து சொல்ல முடியும்.

பத்தாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் ஒரு காலையில், தராசில் வைத்த குட்டி நீலம் பாய்ந்த கண்களைச் சிமிட்டிக்கொண்டு உங்களைப் பார்க்கும். அன்றைக்கும் நிறையை எழுதுங்கள். பக்கத்தில் "கண் திறந்தது" என்றும் எழுதி வையுங்கள்.